பொழுதுபட்டால் பால் காணாதா?

(நூற்றாண்டு விழாவின் சுகாதார அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர்களாகிய நாங்கள் மேடையேறினால் நீரிழிவு, இரத்த அழுத்தம் என்றுதான் பேசுவது வழக்கம். இன்று வேறொரு விடயம். இந்த மண்டபத்தில் அம்மம்மாவாக, அப்பம்மாவாக ஆனவர்களும் இருக்கிறீர்கள். கைக்குழந்தையோடு பின்வரிசையில் இருப்பவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் இரு சாராருக்கும் இடையில் வீட்டில் நடக்கும் ஒரு பேச்சைப் பற்றியே சொல்ல வந்தோம்.

அந்தப் பேச்சு பொழுதுபடும் நேரத்தில்தான் தொடங்கும். காலையில் நன்றாகக் குடித்து உறங்கிய பிள்ளை, பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு அரை மணிக்கு ஒருதடவை பால் கேட்டு அழும். குடிக்கும், விடும், மறுபடி அழும். தாய்க்கோ மார்பு இளகி வெறுமையாகத் தோன்றும். "பிள்ளைக்குப் பால் காணாது" என்று யாராவது ஒருவர் சொல்லுவார். அடுத்த நாளே பால்மா ரின் வீட்டுக்குள் வந்துவிடும். பிறகு, "நீ படு பிள்ளை, இரவில நாங்கள் போத்தில் குடுக்கிறம்" என்பார்கள். அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் பால் உண்மையாகவே குறையத் தொடங்குவது அந்த இரவுகளில்தான்.

பால் சுரப்புக்குப் புரோலக்ரின் என்ற ஓமோன் தேவை. இரத்தத்தில் அதன் அளவு பகலைவிட இரவில் உயர்ந்திருக்கும். பிள்ளை உறிஞ்சும்போது இன்னும் ஏறும். அத்தோடு, மார்பு நிறைந்திருந்தால் சுரப்பு மெதுவாகும், வெறுமையாக வெறுமையாக விரைவாகும். எங்கள் ஊர்க் கிணறு போலத்தான், இறைக்க இறைக்க ஊறும். இரவு முழுவதும் இறைக்காமல் விட்டால், இவ்வளவு போதும் என்று உடம்பு கணக்கெடுத்துக்கொள்ளும்.

காலையில் மார்பில் பால் கூடுதலாகவும் மாலையில் குறைவாகவும் இருப்பது இயல்பு. குறைவாக இருக்கும் அந்த மாலைப் பாலில் கொழுப்புச் சத்து அதிகம். மார்பு எவ்வளவு வெறுமையோ, வரும் பாலில் அவ்வளவு கொழுப்பு. ஆகவே பார்க்கவேண்டியது 24 மணித்தியாலத்துக்கான மொத்தக் கணக்கை. ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரையான பிள்ளை நாளொன்றுக்குச் சராசரியாக 750 முதல் 800 மில்லிலீற்றர் வரை குடிக்கும். அரை லீற்றருடன் நன்றாக வளரும் பிள்ளைகளும் உண்டு, ஒரு லீற்றருக்கு மேல் குடிப்பவர்களும் உண்டு.

மணி பார்த்துப் பால் கொடுக்கும் பழக்கத்துக்கு வைத்தியர்களும் பொறுப்பு. எங்கள் சங்கம் தொடங்கிய காலத்தில், நியூசிலாந்து வைத்தியர் துரூபி கிங் எழுதிய முறை ஆங்கில உலகில் பெரும் செல்வாக்குப் பெற்றிருந்தது. நான்கு மணித்தியாலத்துக்கு ஒருதடவை பால், இரவில் பாலே இல்லை என்பது அவரது விதி. பாடசாலை மணிக்குப் பழகிய எங்களுக்கு அப்படிப்பட்ட ஒழுங்கு பிடிக்கத்தான் செய்யும். பிள்ளைக்கு மணி தெரியாது.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்திக்கு நாற்பதை நெருங்கும்போதுதான் முதற்பிள்ளை. "மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கால் குடு" என்று அவளுக்குச் சொல்லி அனுப்பியவர்கள் நாங்களே. மாலை நேர அழுகையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. இரண்டாம் மாதம், தாயார் இரவுப் போத்திலைப் பொறுப்பெடுத்தார். பத்து நாளில் காலைப் பாலும் குறைந்துவிட்டது. "என்னால ஏலாமப் போச்சு" என்று தொலைபேசியில் அழுதாள். அவளால் ஏலாமற் போகவில்லை. நாங்கள்தான் சொல்லத் தவறினோம். இரவுப் பாலைத் திரும்பத் தொடங்கி, பிள்ளையின் நிறையைப் பார்த்துப் பார்த்துப் பால்மாவைக் கொஞ்சங் கொஞ்சமாகக் குறைத்தோம். பால் திரும்பி வந்தது. தன் உதவியைத் தட்டிவிட்டோம் என்று தாயாருக்கு எங்களோடு சிறு கோபம் இன்னும் இருக்கிறது.

அம்மம்மாமாருக்கு இரவில் வேலை இல்லையென்று நாங்கள் சொல்லவில்லை. பால் குடித்து முடிந்ததும் பிள்ளையை வாங்கி ஏவறை எடுங்கள், துணி மாற்றுங்கள், உறங்க வையுங்கள். தாய் தூங்கி வழிந்தபடி கதிரையில் இருந்து பால் கொடுக்க விடாதீர்கள். பிள்ளைக்கு அது ஆபத்து. பகலில் அவளை இரண்டு மணித்தியாலம் படுக்க விடுங்கள். சரக்குக் கறியும் பால்சுறாவும் தாராளமாகக் கொடுங்கள், அவள் உடம்புக்கு நல்லது. ஆனால் பிள்ளை உறிஞ்சாமல் அவற்றால் மட்டும் பால் ஊறாது.

84 வேலை நாள் லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் தங்கைமார் விடியற்காலையில் பால் எடுத்து வைப்பது சுகம். அப்போதுதான் மார்பு நிறைந்திருக்கும். எங்கள் வெக்கைக்கு நான்கு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வைக்க வேண்டாம். வேலைத்தலத்திலும் நேரமெடுத்துப் பால் எடுங்கள். பகலில் விட்டதைப் பிள்ளை இரவில் கேட்டால் மறுக்காதீர்கள்.

பால் உண்மையாகவே காணாமற் போவதும் உண்டு. பிரசவத்தில் கடும் இரத்தப்போக்கு, தைரொயிட் குறைபாடு, மார்பில் முன்னர் செய்த சத்திரசிகிச்சை எல்லாம் காரணமாகலாம். முதல் வாரத்துக்குப் பிறகு நாளொன்றுக்கு ஆறு தடவைக்குக் குறைவாகச் சிறுநீர் கழித்தாலோ, கிளினிக்கில் நிறைக் கோடு ஏறாவிட்டாலோ உடனே குடும்பநல மாதுவிடம் காட்டுங்கள். அப்போது பால்மா தேவைப்பட்டால் அதில் வெட்கப்பட எதுவுமில்லை. மாலை அழுகையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லவேண்டாம் என்பதே எங்கள் வேண்டுகோள்.

தேநீர் இடைவேளையில் நூலகத்துக்குப் பக்கத்து அறையில் நாங்கள் இருப்போம். கேள்வி உள்ளவர்கள் வரலாம். பால் கொடுக்க இடம் தேடுபவர்களும் அங்கேயே வாருங்கள். கதிரையும் மின்விசிறியும் போட்டிருக்கிறோம்.