கோடிட்ட இடமும் ஈற்றடியும்



பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தின் மேடையில் ஆங்கிலப் பயிற்சி நூலைப் பற்றித் தமிழாசிரியை பேசுவதா என்று சிலர் வியக்கலாம். தறியொலியில் வளரும் பொதட்டூர்பேட்டைப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி என்பது பாடத்திட்டக் கணக்கு. திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் முதல் நாளில் ஆந்திரத்திலிருந்து நம்மோடு இணைந்தது. தெலுங்கு பேசும் வீடுகள் இங்கு உண்டு. அவ்வீட்டுப் பிள்ளைக்கு ஆங்கிலம் மூன்றாம் மொழி.

கொரோனாக் காலத்துக் கற்றல் இழப்பை ஈடுசெய்ய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022 சூன் 13 அன்று நம் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில்தான் தொடங்கப்பெற்றது. தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றுக்கும் பயிற்சி நூல்கள் வந்தன. பிள்ளைகளை அவர்தம் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பகுத்தனர். பின்தங்கிய பிள்ளையைக் கடைநிலை என்னாமல் அரும்பு என்றழைத்த உள்ளம் கவிஞருள்ளமே!

எனினும், கடைகளில் விற்கும் ஆங்கிலப் பயிற்சி நூல்கள் பலவற்றைப் புரட்டுகையில் ஒரு குறை நெஞ்சை உறுத்துகிறது. பூனை எதன்மேல் அமர்ந்திருக்கிறது? கோடிட்ட இடத்தில் 'மேட்' என்றே எழுத வேண்டும். நெசவாளர் வீட்டுப் பிள்ளை 'லூம்' என்று எழுதினால் சிவப்புக்கோடு விழும். இலக்கணத்தில் என்ன பிழை? தறிமேல் பூனை அமர்வதை அப்பிள்ளை நாள்தோறும் காண்கிறதே! தானே கண்டதைச் சொன்ன பிள்ளைக்குத் தண்டனை கிடைத்தால், அடுத்த முறை அது சிந்திக்காது, விடைக்குறிப்பைத் தேடும். கோனார் உரை இல்லாமல் செய்யுளைத் தொடவே அஞ்சும் கல்லூரி மாணவரை நான் ஆண்டுதோறும் காண்கிறேன். அந்த அச்சத்தின் வேர் இங்கேதான் உள்ளது.

நம் மரபிலும் கோடிட்ட இடம் உண்டு. ஈற்றடி ஒன்றைத் தந்து வெண்பாவை முடிக்கச் சொல்கிறோம். தளை தட்டக்கூடாது, கட்டுப்பாடு மிகக் கடுமையானது. ஆயினும் பத்துப் புலவர் எழுதினால் பத்து வெண்பாக்கள் பிறக்கின்றன. தொல்காப்பியர் செய்யுளியலில் பிசி என்று குறித்த விடுகதையும் அத்தகையதே. பொருளின் பெயரை மறைத்து, அதன் இயல்பைப் புதிதாய்க் காணச் செய்கிறது.

ஆகவே வட்டத்தார்க்கு என் வேண்டுகோள் இது. ஓடம், பாவு, ஊடை, நூற்கண்டு இவற்றைப் பற்றி ஆளுக்கு ஐந்து விடுகதைகள் எழுதித் தாருங்கள். பிள்ளைகள் முதலில் தம் மொழியில் விடுவிக்கட்டும். பிறகு தமக்குத் தெரிந்த எளிய ஆங்கிலத்தில் தாமே ஒரு விடுகதை புனையட்டும். அச்சுச் செலவும் அதிகமில்லை. ஒருபக்கம் வெறுமையான தாள்களே போதும். பள்ளி ஆசிரியர்களோடு பேசி அடுத்த திங்கள் கூட்டத்திலேயே இதனைத் தொடங்கலாம். என் ஐந்து விடுகதைகளைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன்.