உயர்விலைக் கைப்பேசியும் அன்றாட வாழ்வும்



ஒரு பொருளின் விலை வேறு; அதன் பயன் வேறு. உப்பு மலிவானது, எனினும் அஃதின்றி ஒருவேளை உணவும் சுவைபடாது. இவ்வுண்மையைக் கையடக்கத் தொலைபேசிக்கும் பொருத்திப் பார்த்தல் நன்று.

இலங்கையில் கையடக்கத் தொலைபேசிச் சேவை 1989 ஆம் ஆண்டில் தொடங்கியது. அன்று அது செல்வரின் கைப்பொருள். இன்றோ மருதமுனையில் தறியில் அமர்ந்திருப்பவரிடமும், சாய்ந்தமருதுக் கரையில் தோணி தள்ளுபவரிடமும், மேற்கே வயலில் வரம்பு கட்டுபவரிடமும் அது உண்டு. ஆகவே, கருவி வேண்டுமா என்னும் வினா முடிந்துவிட்டது. எத்தகைய கருவி வேண்டும் என்பதே எஞ்சிய வினா. கல்முனைக் கடைத்தெருவின் கண்ணாடிப் பேழைகளில் உயர்விலைத் திறன்பேசிகள் ஒளிவிடுகின்றன. அண்டை வீட்டுப் பிள்ளையின் கையில் கண்டதைத் தம் பிள்ளைக்கும் வாங்கித்தர வேண்டி, தாயின் காப்பு அடகுக்குச் செல்வதும் உண்டு. ஆதலால் இது வெறும் பொழுதுபோக்கு வினா அன்று.

இரு கருவிகளை ஒப்பிட்டு நோக்குவோர்க்கு உண்மை விளங்கும். சாம்சங் நிறுவனம் 2024 ஜனவரியில் வெளியிட்ட எஸ்24 அல்ட்ரா என்பதன் விலை, ஐக்கிய அமெரிக்காவில் வெளியீட்டின்போது ஏறத்தாழ 1,300 டொலராக இருந்தது. அதே நிறுவனத்தின் ஏ16 என்னும் கருவி, 2025 இல் அங்கு 200 டொலருக்கு விற்பனைக்கு வந்தது. முன்னதற்கு ஏழு ஆண்டுகளும், பின்னதற்கு ஆறு ஆண்டுகளும் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் கிடைக்கும் என்று நிறுவனமே வாக்களித்துள்ளது. வகுத்துப் பார்த்தால் முன்னதற்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 186 டொலர். பின்னதற்கு 33 டொலர். இரண்டின் பற்றரிக் கொள்ளளவும் ஒன்றே: 5,000 மில்லி அம்பியர் மணி. விரைவிலும், கமராவிலும், திரையின் பொலிவிலும் முன்னது மேம்பட்டதே. அதனை மறுப்பது நேர்மையாகாது. ஆயினும் பேசுதற்கும், செய்தி அனுப்புதற்கும், பிள்ளைகள் பாடம் பார்ப்பதற்கும் அம்மேன்மையில் எத்துணைப் பங்கு பயன்படும் என்பதே கேள்வி.

விலை என்பது நாணயத்தோடும் பிணைந்தது. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு உயர்ந்தது. கருவி மாறவில்லை, அதனை வாங்குவோன் உழைக்க வேண்டிய நாள்களே பெருகின.

இனி, கடற்கரை வாழ்வோர் சிறப்பாக அறிய வேண்டியது ஒன்றுண்டு. உயர்விலைக் கருவிகள் பலவற்றில் 'ஐபி68' என்னும் குறி காணப்படும். ஆறு என்பது தூசியையும், எட்டு என்பது நீரையும் தாங்கும் தரத்தைக் குறிக்கும். எஸ்24 வகையினை ஒன்றரை மீற்றர் ஆழத்தில் 30 நிமிடங்கள் வைத்துச் சோதித்தது நன்னீரில், கடல்நீரில் அன்று. கடற்கரையிலும் நீச்சல் குளத்திலும் பயன்படுத்த வேண்டாம் என்று அந்நிறுவனமே கூறுகின்றது. அப்பிள் நிறுவனமோ, நீர்புகுந்து ஏற்படும் பழுதைத் தன் உத்தரவாதத்தில் சேர்ப்பதில்லை. ஆகவே, கரைவலை இழுப்பவர் இக்குறியை நம்பிப் பெரும் பணம் செலவிடுதல் தகாது. நன்கு மூடிய நெகிழிப் பையே அவர்க்குப் பொருத்தமான காவல்.

வெப்பமும் அவ்வாறே. ஐபோன் கருவிகளைச் சூழல் வெப்பம் 35 பாகை செல்சியசுக்கு மேற்படாத இடத்தில் பயன்படுத்துமாறு அப்பிள் அறிவுறுத்துகின்றது. நண்பகல் வெயிலில் மோட்டார் சைக்கிளின் முன்புறம் பொருத்திய கருவி எவ்விலையுடையதாயினும் சூடேறும். அதன் பற்றரியின் ஆயுளும் குறையும்.

கமராவின் பொருட்டுத்தானே உயர்விலை என்பர் சிலர். மருதமுனைச் சேலையின் நிறத்தைக் கொழும்பு வணிகர்க்குக் காட்ட நல்ல படம் வேண்டும்; உண்மைதான். ஆனால் வாட்ஸ்அப் வழியே செல்லும் படம் வழக்கமாகச் சுருக்கப்பட்டே செல்கின்றது. காலை வெளிச்சத்தில் வாசலில் விரித்து எடுத்த படம், இருண்ட அறையில் விலையுயர்ந்த கருவியால் எடுத்த படத்தினும் நிறத்தைத் தெளிவாகக் காட்டக்கூடும். திருமண வீடுகளில் படம்பிடித்துப் பிழைப்பவர்க்கோ உயர்ந்த கமரா தொழிற்கருவியாகும்; அவர் இட்ட முதலை அது மீட்டுத்தரும்.

எக்கருவியாயினும் வாங்குமுன் செய்யத்தக்க சோதனை ஒன்றுண்டு. நட்சத்திரக்குறி, சதுரக்குறி, சுழியம், ஆறு, சதுரக்குறி என அழுத்தினால் பதினைந்து இலக்க அடையாள எண் தோன்றும். IMEI என எழுதி, இடைவெளி விட்டு, அவ்வெண்ணைச் சேர்த்து 1909 என்னும் இலக்கத்துக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி பெற்றதா என்று அறியலாம். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொணர்ந்த கருவியை விலைகொடுத்து வாங்குவோர்க்கு இது மிகவும் இன்றியமையாதது.

2004 டிசம்பர் 26 ஆம் நாளின் ஆழிப்பேரலையைக் கண்ட கரை இது. புயலோ வெள்ளமோ வரும் இரவில், எச்சரிக்கையைப் பெறவும் உறவினரை அழைக்கவும் உதவும் கருவியே நற்கருவி. அவ்வேளையில் வேண்டுவன மூன்று: நிறைந்த பற்றரி, கிடைக்கும் அலைவரிசை, மறுமுனையில் விடைதரும் ஒருவர். இம்மூன்றும் விலையுயர்ந்த பெட்டிக்குள் மட்டும் அடங்கியவை அல்ல.

எனவே, தொழிலுக்கு இன்றியமையாதோர் உயர்விலைக் கருவியை வாங்கட்டும். ஏனையோர், புதுப்பிப்புக் காலம் நீண்டதும், பழுதுபார்க்க எளியதுமான நடுத்தரக் கருவியைத் தேர்க. எஞ்சும் பணம் பிள்ளையின் படிப்புக்கு உதவும். தாயின் காப்பும் அவர் கையிலேயே இருக்கும்.