இருட்டில் விட்ட அம்பு

1924-ல் ஜெர்மனியிலிருந்து ஜப்பானின் செண்டாய் நகரத்துக்குத் தத்துவம் சொல்லிக்கொடுக்கப் போனார் ஓய்கன் ஹெரிகல். போன இடத்தில் வில்வித்தை கற்க ஆசை வந்துவிட்டது. ஆசான், அவா கென்ஸோ.

அவர் இவரை இலக்குப் பக்கமே விடவில்லை. இரண்டு மீட்டர் தள்ளி ஒரு வைக்கோல் கட்டு. அதில்தான் எய்யணும், வருஷக்கணக்கில்! வில்லோ ஆள் உயரத்தைத் தாண்டியது. நாணை இழுத்தால் கை நடுங்கும், மூச்சு முட்டும். ‘இதோ விடப்போகிறேன்’ என்று மனசு கணக்குப் போடும். விடும்போது வெடுக்கென்று உடம்பு குலுங்கும். மூங்கில் இலையைப் பாருங்கள் என்றாராம் ஆசான். பனியின் பாரம் ஏற ஏற இலை வளைகிறது, பனி தானாகச் சரிகிறது. இலை உதறுவதில்லை.

நம்ம ஆள் படித்தவர் இல்லையா? கோடை விடுமுறையில், கட்டைவிரலைப் பிடித்திருக்கும் விரல்களை மெல்லத் தளர்த்தும் உபாயம் ஒன்றைக் கண்டுபிடித்தார். வந்து எய்து காட்டினார். அம்பு வழுக்கிக்கொண்டு போனது. ஆசான் பேசாமல் வில்லை வாங்கி வைத்துவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

பிறகொரு ராத்திரி. இலக்குக்கு முன்னால் ஊதுவத்தி முனை மட்டும் மினுங்க, அவா இரண்டு அம்பு விட்டார். விளக்கைப் போட்டுப் பார்த்தால், முதல் அம்பு நடுவில். இரண்டாவது, அதன் வாலைப் பிளந்துகொண்டு நிற்கிறது! உலகமே வியந்த கதை இது. ஆனால் அவாவோ, பின்னால் வேறொருவரிடம், அந்த இரண்டாவது அம்பு தற்செயல் என்றாராம். அப்படிச் செய்து காட்டும் எண்ணமே தனக்கு இல்லை என்றாராம்.