நலமாய்ப் பிறந்த பிள்ளைகளையும் எண்ணுவோம்

கர்ப்ப காலத்து மருந்துகளால் வரும் பிறவிக் குறைகளைக் கண்காணிப்பது பற்றி இரண்டு நாள் பேசக் கூடியிருக்கிறோம். இந்த வேலையின் அடித்தளம் பிரசவ அறையில்தான் இருக்கிறது என்று நம்புகிறவன் நான். ஆகவே பின்வரிசையில் அமர்ந்திருக்கும் செவிலியர்கள் முன்வரிசைக்கு வரும்படி கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன்.

தாலிடோமைடைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நகராது. 1957-ல் மேற்கு ஜெர்மனியில் தூக்கத்துக்கென்று விற்பனைக்கு வந்த அந்த மாத்திரையை மசக்கைக்கும் கொடுத்தார்கள். 1961 நவம்பரில் ஹாம்பர்க் குழந்தை மருத்துவர் விடுகிண்ட் லென்ஸ் எச்சரித்த பிறகே அங்கே விற்பனை நின்றது. அதற்குள் உலகெங்கும் சுமார் பத்தாயிரம் பிள்ளைகள் பாதிக்கப்பட்டுவிட்டார்கள். கையும் காலும் குறுகிப் பிறப்பது மிக அரிது, பார்த்தவுடன் தெரிவது. அதைக் கண்டுபிடிக்கவே நான்கு ஆண்டுகள் ஆயின.

அப்படியானால், மருந்தே எடுக்காத தாயின் பிள்ளைக்கும் வரக்கூடிய குறையை மருந்தோடு எப்படி இணைப்பது? வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட் 1967-ல் பிரான்சில் விற்பனைக்கு வந்தது. குழந்தையின் முதுகுத்தண்டு மூடாமல் பிறப்பதற்கும் அதற்கும் தொடர்பிருக்கிறது என்று லியோன் நகரத்துப் பிறவிக்குறைப் பதிவேட்டை வைத்து எலிசபெத் ரோபேர் எழுதியது 1982-ல். பதினைந்து ஆண்டுகள்! பதிவேடு இல்லாதிருந்தால் இன்னும் எத்தனை ஆண்டுகளோ.

இனி, என் மனத்துக்கு மிக நெருக்கமான போட்ஸ்வானாவுக்கு வருகிறேன். எச்.ஐ.வி. தொற்று மிகுந்த நாடு. அங்கே 2014-ல் செபாமோ என்ற கண்காணிப்புத் தொடங்கியது. அரசு மருத்துவமனைப் பிரசவ அறைகளில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையையும் செவிலியர்கள் தலை முதல் கால்வரை பார்த்து எழுதினார்கள். தாய் என்ன மருந்து, எப்போது முதல் எடுத்தாள் என்பதும் பதிவானது. குறையோடு பிறந்த பிள்ளையைப் போலவே நலமாய்ப் பிறந்த பிள்ளையும் ஏட்டில் ஏறியது. செபாமோவின் உயிர் அதில்தான்.

2018 மே மாதம் அந்த ஏடு ஓர் அதிர்ச்சியைத் தந்தது. கரு உண்டாகும்போதே டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தை எடுத்துவந்த 426 தாய்மாரின் பிள்ளைகளில் நால்வருக்கு நரம்புக்குழல் மூடவில்லை. அதாவது ஆயிரத்துக்கு ஒன்பதுக்கு மேல். மற்றவர்களிடம் ஆயிரத்துக்கு ஒன்றை ஒட்டியே இருந்தது. உலகச் சுகாதார நிறுவனம் எச்சரித்தது. பல நாடுகளில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு அந்த நல்ல மருந்து எட்டாமல் போனது. ஆனால் செவிலியர்கள் எண்ணுவதை நிறுத்தவில்லை. கண்காணிப்பு இன்னும் பல மருத்துவமனைகளுக்கு விரிந்தது. 2019-ல் 1,683 பிறப்புகளுக்கு ஐந்து என்று விகிதம் இறங்கியது. 2022-க்குள் ஒன்பதாயிரத்துக்கும் மேல் பிறப்புகளைப் பார்த்தாகிவிட்டது. மற்ற மருந்துகளுக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. மருந்து பெண்களிடம் திரும்பியது.

எச்சரித்தது தவறா? இல்லை. நால்வரைக் கண்டபின் வாயை மூடியிருக்க எந்த மருத்துவருக்கும் உரிமை கிடையாது. ஆனால் குற்றம் சாட்டிய ஏடே விடுவிக்கவும் வேண்டும். மசக்கைக்குத் தந்த பென்டெக்டின் மாத்திரைக்கு அந்த நியாயம் கிட்டவில்லை. அறிவியல் ஆதாரம் இல்லாமலே வழக்குகள் குவிய, 1983-ல் அதன் தயாரிப்பாளர் நிறுத்திவிட்டார். 2013-ல்தான் அதே கூட்டு மருந்துக்கு அமெரிக்காவில் மறுபடி அனுமதி. முப்பது ஆண்டுகள் அந்நாட்டுக் கர்ப்பிணிகள் வாந்தியோடு அல்லாடினார்கள். அந்தக் கூட்டு மருந்தையே டாக்ஸிலமின் கலந்த மாத்திரையாக நாம் இங்கே எழுதித் தந்துகொண்டுதான் இருந்தோம்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் முதுகு மூடாத ஒரு குழந்தை பிறந்தது. கேஸ் ஷீட்டில் மருந்து என்ற இடத்தில் இரும்புச்சத்து, கால்சியம் என்று மட்டும் இருந்தது. மூன்றாம் நாள் அந்தத் தாய் துணிப்பையிலிருந்து ஒரு பழைய சீட்டை எடுத்துக் காட்டினாள். பல ஆண்டுகளாக வலிப்பு மாத்திரை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "மாசமா இருக்கறதுக்கு என்ன மாத்திரைன்னுதானே சார் கேட்டாங்க? இது ஃபிட்ஸுக்கு" என்றாள். அவள் சொன்னது சரி. நாங்கள் கேட்ட கேள்விதான் தவறு. நரம்புக்குழல் கருவுற்ற 28 நாளுக்குள் மூடிவிடும். அப்போது பல பெண்களுக்குக் கர்ப்பம் என்பதே இன்னும் உறுதியாகியிருக்காது. ஆகவே கேட்க வேண்டியது, கடைசியாகத் தலைக்குக் குளிப்பதற்கு முன்பிருந்தே சாப்பிட்டுவரும் மாத்திரைகளைப் பற்றி. வலிப்பு, சர்க்கரை, முகப்பரு, மனநலம், நாட்டு மருந்து, எல்லாவற்றையும். கேட்கிற தொனியும் முக்கியம். பயந்துபோய் வலிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்துகிற பெண்ணுக்கும் அவள் வயிற்றுப் பிள்ளைக்கும் வலிப்பே ஆபத்து.

பக்கத்தில் கேரளத்தில், திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் 1998 முதல் வலிப்பு உள்ள கர்ப்பிணிகளுக்கென்றே ஒரு பதிவேடு நடத்திவருகிறது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பிக்மி எண் கொடுக்கிறோம். பிறப்புப் பதிவுக்கும் அதைக் கேட்கிறோம். தாயையும் பிள்ளையையும் சேர்க்கும் நூல் கையில் இருக்கிறது. அந்த எண்ணோடு கருவுறுமுன் எடுத்த மருந்துகளுக்கும் ஓர் இடம் வேண்டும் என்பதே இந்தக் கருத்தரங்கின் முன் நான் வைக்கும் வேண்டுகோள்.

ஒரு சிக்கலை மட்டும் எனக்குத் தீர்க்கத் தெரியவில்லை. ஐந்தாம் மாத ஸ்கேனில் குறை தெரிந்து கலைக்கப்படும் கரு, பிரசவ அறை ஏட்டுக்கு வருவதே இல்லை. ஸ்கேன் எவ்வளவு நன்றாக நடக்கிறதோ அவ்வளவுக்கு நம் பிறப்பு ஏட்டில் குறைகள் குறைந்து தெரியும். மருந்தின் மேல் விழ வேண்டிய சந்தேகமும் அதோடு மறையும். அந்தத் தாயின் துயரத்தைக் கிளறாமல், அவள் யாரென்று வெளியில் தெரியாமல், அந்தக் கருவையும் எப்படிக் கணக்கில் சேர்ப்பது? பிற்பகல் அமர்வு முழுவதையும் இதற்கே ஒதுக்கும்படி அமைப்பாளர்களைக் கேட்டிருக்கிறேன், ஒப்புக்கொண்டார்கள்.