முதல் வீடும் முன்பணமும்

கோலார் தங்கவயல் தமிழராகிய நாம் சொந்த வீட்டைப் பற்றி எண்ணாமலே வளர்ந்தவர்கள். பிழைப்புத் தேடி வந்த நம் முன்னோர்க்குச் சுரங்கக் கம்பெனி லைன் வீடுகளைத் தந்தது. வேலை உள்ளவரை கூரை இருந்தது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டபோதுதான், தலைமுறை தலைமுறையாய்க் குடியிருந்த வீட்டுக்கு நம் பெயரில் பத்திரம் ஒன்றும் இல்லை என்னும் உண்மை உறைத்தது. இன்று விடியுமுன் ரயிலேறிப் பெங்களூரில் வேலை பார்த்துத் திரும்பும் நம் பிள்ளைகள், தம் குடும்பத்திலேயே முதன்முறையாக வீடு கிரயம் பெற முனைகின்றனர். பிற ஊர்களில் வாழும் நம்மவர் நிலையும் இதுவே.

மாதத் தவணையைக் கட்டிவிடலாம் என்னும் துணிவு நமக்கு உண்டு. வாசலில் வழிமறிப்பது முன்பணமே. ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சம் ரூபாய் வரையுள்ள வீட்டுக்கடன் வீட்டு மதிப்பில் நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டலாகாது. ஆகவே 20 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 2 லட்சமேனும் நம் கையிலிருந்து வரவேண்டும். 10 லட்சத்துக்கு மேற்பட்ட வீடாயின், முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் கடன் கணக்கில் சேர்க்க இயலாது. கர்நாடகத்தில் 2025 ஆகஸ்டு 31 முதல் பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 2. அதுவே 40,000 ரூபாய்.

அரசின் உதவி இல்லையா? உண்டு. 2024 செப்டம்பர் 1-இல் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்கு மேற்படாத, நாட்டில் எங்குமே சொந்தக் கல்வீடு இல்லாத குடும்பத்துக்கு வட்டி மானியம் கிடைக்கும். 35 லட்சத்துக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 லட்சம் வரை கடன் பெற்றால், முதல் 8 லட்சத்துக்கு நூற்றுக்கு 4 வீதம் கணக்கிட்டு, அதிக அளவாக 1,80,000 ரூபாய் ஐந்து ஆண்டுத் தவணைகளில் கடன் கணக்கில் சேரும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் முன்பணத்துக்கே உதவி தருகின்றனர். இங்கோ மானியம் கடனைக் குறைக்குமேயன்றி, பத்திரம் பதியும் நாளில் கைக்கு வராது.

இதனை அறியாது முன்தொகை கொடுத்துவிட்டு, மீதிக்காக மீட்டர் வட்டிக்கு வாங்கினால் ஒரே சம்பளத்தின்மீது இரு கடன்கள் ஏறும். பிராவிடண்டு நிதியிலிருந்து வீட்டுக்கென ஒரு பகுதியைத் திருப்பித் தரவேண்டாத பணமாகப் பெறலாம். அது முதுமைக்கான சேமிப்பு என்பதையும் மறக்கலாகாது. அஞ்சலகத்தின் ஐந்தாண்டுத் தொடர்வைப்பில் மாதம் 4,000 ரூபாய் செலுத்தினால், அசலே 2,40,000 ஆகும். மேற்சொன்ன முன்பணமும் பதிவுக் கட்டணமும் அதில் அடங்கும். வட்டி முத்திரைத் தீர்வைக்குத் துணையாகும்.

வில்லங்கச் சான்று பாராமல் கையெழுத்திட வேண்டா. பத்திரத்தில் இல்லத்தரசியின் பெயரும் இடம்பெறட்டும். பூமிக்குள் இறங்கிப் பிறர்க்குப் பொன் எடுத்துத் தந்தோம். பூமிக்கு மேலே நமக்கென ஒரு வீட்டை முறையாகப் பெறுவோம்.