பிரித்துப் போட்ட கொட்டகைக்கு எத்தனை வயது?



கோயிலுக்கு வயது சொல்லிவிடலாம், கல்வெட்டு இருக்கும். பழைய வீட்டுக்கும் சொல்லலாம், நிலைப்படிக்கு மேலே ஆண்டைச் செதுக்கியிருப்பார்கள். டூரிங் கொட்டகைக்கு எப்படிச் சொல்வது? உரிமக் காலம் முடிந்ததும் பிரித்து வண்டியில் ஏற்றி, அடுத்த ஊரில் கால் ஊன்றிய இடம் அது. நிரந்தரத் தியேட்டருக்குப் பக்கத்தில் போட முடியாது. ஓலைக் கூரை அல்லது தகரக் கூரை, இடுப்பளவுச் சுவர், மிச்சமெல்லாம் காற்று. வெளிச்சம் உள்ளே வரும் என்பதால் பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகுதான் படம்.

சினிமாவே நம்மிடம் கூடாரத்தோடுதான் வந்தது. 1905-இல் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்தார். கோவையில் அவர் வெரைட்டி ஹாலைக் கட்டியது 1914-இல். அதுவரை அவருடைய தியேட்டருக்கு முகவரியே கிடையாது. கூட்டம் எங்கேயோ அங்கே சினிமா.

கூட்டத்துக்கு நம் தாமிரபரணிக் கரையில் என்றைக்குப் பஞ்சம்? ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ஏரல் சேர்மன் அருணாசல சுவாமி கோயிலுக்குத் திரளும் சனத்தைப் பார்த்தவர்களுக்கு, கொட்டகைக்காரர்கள் ஏன் திருவிழா நாட்களைக் கணக்குப் பார்த்தார்கள் என்று தனியாக விளக்க வேண்டாம்.

கொட்டகைக்குள் போவோம். தரை டிக்கெட், பெஞ்சு டிக்கெட், சேர் டிக்கெட். தரை என்றால் மணல். முன்னால் இருப்பவர் தலை மறைத்தால் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்துகொள்ளலாம். பின்னால் இருப்பவர் வைவார், பிறகு அவரும் குவிப்பார். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே ஒரு தடுப்பு. கூம்பு ஒலிபெருக்கியில் சீர்காழி கோவிந்தராஜனின் பக்திப் பாட்டு கேட்டால், அடுப்படியில் இருப்பவர்கள் கையை அலம்பிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

ஆபரேட்டர் இருந்த அறைதான் கொட்டகையின் உயிர். பல கொட்டகைகளில் ஒரே ஒரு புரொஜெக்டர். ஒரு சுருள் ஓடி முடிந்ததும் அடுத்ததை மாட்டும்வரை படம் நிற்கும். அதனால்தான் மூன்று, நான்கு இடைவேளை. முறுக்கும் கோலிசோடாவும் விற்றவர்களுக்கு அது நல்ல காலம். வெளிச்சத்துக்கு பல்பு கிடையாது. இரண்டு கார்பன் குச்சிகளின் நுனிக்கு நடுவே மின்பொறி எரியும். எரிய எரியக் குச்சி தேயும், இடைவெளி கூடும், திரை மங்கும். ஆபரேட்டர் கறுப்புக் கண்ணாடித் துண்டு வழியாக அந்தப் பொறியைப் பார்த்தபடி, குச்சிகளைக் கையால் நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அசந்தால் விசில் பறக்கும். நாயகன் முகம் பளிச்சென்று தெரிந்ததற்கு அந்த மனிதரின் விரல்களும் ஒரு காரணம். எந்தப் படத்தின் டைட்டிலிலும் அவர் பெயர் வந்ததில்லை.

சினிமா அரங்கைப் பற்றிப் பேராசிரியர் கா. சிவத்தம்பி சொன்னது ஒன்று உண்டு. தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து ஒன்றைப் பார்த்த முதல் இடம் அது. இடத்தைத் தீர்மானித்தது பிறப்பு அல்ல, கையில் இருந்த காசு. கொட்டகைக்கு மரபுச் சின்னம் என்ற தகுதியைக் கொடுக்க எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஆனாலும் பழசை நினைத்து உருகுகிறவர்கள் மறந்துவிடும் ஒரு பக்கம் இருக்கிறது. 1979 ஜூலையில் தூத்துக்குடியில் ஒரு டூரிங் டாக்கீஸில் படம் ஓடிக்கொண்டிருந்தபோது தீப்பிடித்தது. ஏராளமானோர் மாண்டார்கள். ஓலையும் மூங்கிலும் நெரிசலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று இந்த மாவட்டத்துக்குத் தெரியும். கொட்டகையின் வரலாற்றை எழுதுகிறவர் மணல் மேட்டை மட்டும் எழுதிவிட்டு இதை விட்டால், அது வரலாறு ஆகாது.

கொற்கைக்குப் பக்கத்து ஊர்க்காரர்களான நமக்குச் சொந்தமாகத் தோன்றக்கூடிய இன்னோர் இடம், மேற்கு ஆஸ்திரேலியாவின் புரூம். அதுவும் முத்துக் குளித்த ஊர். அங்கே 1916 டிசம்பரில் திறந்த சன் பிக்சர்ஸ் என்ற திறந்தவெளித் தியேட்டர் இன்றும் ஓடுகிறது. உலகில் இன்னும் இயங்கும் திறந்தவெளித் தியேட்டர்களில் மிகப் பழையது என்று கின்னஸ் பதிவும் உண்டு. 1974-இல் கரை எழுப்பும்வரை, பெரிய ஓதம் வந்தால் கடல்நீர் தியேட்டருக்குள் நுழையும். காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படம் பார்ப்பார்களாம். அங்கேயும் ஒரு கசப்பு. வெள்ளைக்காரர்களுக்கு நடுவில் நல்ல நாற்காலி, ஆசியர்களுக்கு வேறு இடம், பழங்குடியினருக்குத் தனி வாசல். அந்தத் தியேட்டரைக் காப்பாற்றியவர்கள் இந்தக் கதையையும் மறைக்கவில்லை.

புரூமில் காப்பாற்றக் கட்டடம் இருந்தது. நமக்கு அது இல்லை, இருக்கவும் விடவில்லை. ஆகவே பழைய கொட்டகையைக் கட்டித் தாருங்கள் என்று யாரிடமும் மனுக் கொடுக்காதீர்கள். கிடைக்கப்போவது புகைப்படம் எடுத்துக்கொள்ள ஒரு பொம்மைக் கொட்டகைதான். நம்மிடம் மிஞ்சியவை வேறு. கதைச் சுருக்கம் அச்சிட்டு, மீதியை வெள்ளித்திரையில் காணச் சொன்ன பிட் நோட்டீஸ்கள். டிக்கெட் அடிக்கட்டைகள். உரிமக் கோப்புகள். குச்சியை நெருக்கிய ஆபரேட்டர்களில் இன்னும் நம்மோடு இருப்பவர்கள். முதலில் அவர்களைப் பேசச் சொல்லி, கைப்பேசியிலாவது பதிவு செய்துகொள்ளுங்கள்.

பிட் நோட்டீஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு உரிக்க முடியாது, தாளும் பாழாகும். மடிப்பை மெதுவாக நீவி, அமிலமில்லாத உறைக்குள் போட்டு, தரையிலிருந்து நல்ல உயரத்தில் வையுங்கள். 2023 டிசம்பரில் வீட்டுக்குள்ளும் கடைக்குள்ளும் வெள்ளத்தைப் பார்த்த ஏரல்காரர்களுக்கு உயரம் எவ்வளவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.