பிஞ்சு நுரையீரலுக்கு ஒரு காவல்



"சளிதானே, ரெண்டு நாள்ல போயிடும்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். நமக்குப் போய்விடும். மூன்று மாதப் பிள்ளைக்கு? அதன் மூச்சுக்குழல் கிளைகள் அவ்வளவு குறுகியவை. கொஞ்சம் வீங்கிக் கோழையும் சேர்ந்தால், உள்ளே போன காற்று வெளியே வரத் தவிக்கும். குழந்தை பால் குடிக்காது. விலா உள்வாங்கும், நெஞ்சு இழுக்கும். பிறக்கும்போது நுரையீரல் முழுதாக வளர்ந்திருப்பதில்லை, தாய்மார்களே. காற்று நுண்ணறைகளில் பெரும்பகுதி பிறந்த பிறகுதான் உருவாகிறது. அந்த வளர்பருவத்தில் வந்து தாக்குவதுதான் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ். இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் அது ஒருமுறையாவது தொட்டுவிடுகிறது.

1956இல் அமெரிக்காவில், சளி பிடித்த சிம்பன்சிகளிடம் இதை முதலில் கண்டார்கள். அடுத்த ஆண்டே ஆய்வாளர் ராபர்ட் சானக் இதைக் குழந்தைகளிடம் கண்டறிந்தார். போலியோவுக்குச் செய்ததுபோலவே, பார்மலினில் வைரஸைக் கொன்று தடுப்பூசி தயாரித்தார்கள். 1966இல் குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். நடந்தது என்ன? ஊசி போட்டபின் தொற்று கண்ட குழந்தைகளில் 80 சதவீதம் பேர் மருத்துவமனையில் படுத்தார்கள். அந்த ஊசி பெறாமல் தொற்று கண்டவர்களில் 5 சதவீதம்தான். இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். காக்க வேண்டிய ஊசியே நோயை முற்றவைத்தது!

அந்த ஆய்வாளர்கள் அதை மூடி மறைக்கவில்லை. 1969இல் ஆய்விதழில் எண்ணிக்கையோடு எழுதி வைத்தார்கள். அதற்காக அவர்களைக் கைகூப்பி வணங்குகிறேன். அந்தக் கட்டுரை இல்லையென்றால் அதே தவறு இன்னொரு ஊரில், இன்னொரு தாயின் மடியில் நடந்திருக்கும். ஏன் இப்படி ஆயிற்று என்ற கேள்வி, அடுத்த தலைமுறை ஆய்வாளர்களைத் தூங்கவிடவில்லை.

விடை 2013இல் தெளிவாயிற்று. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் பார்னி கிரஹாம், ஜேசன் மெக்லெலன், பீட்டர் குவாங் ஆகியோர் வைரஸின் மேலுள்ள எஃப் புரதத்தை ஆராய்ந்தார்கள். செல்லுக்குள் நுழையுமுன் அது நாணேற்றிய வில்லைப்போல் விறைத்து நிற்கிறது. நுழையும்போது உருமாறித் தளர்ந்துவிடுகிறது. வைரஸை உண்மையாகவே முடக்கும் எதிர்ப்பொருள்கள் அந்த விறைத்த வடிவத்தைத்தான் பிடிக்கின்றன. 1966இன் ஊசியிலோ பெரும்பாலும் தளர்ந்த வடிவமே இருந்தது. அதனால் எழுந்த எதிர்ப்பொருள்கள் வைரஸைத் தொட்டன, தடுக்கவில்லை. இவர்கள் அந்தப் புரதத்தை விறைத்த நிலையிலேயே நிறுத்தி வைக்கும் வழி கண்டார்கள். பின்னாளில் நம் உயிரைக் காத்த கொரோனா தடுப்பூசிகள் பலவற்றிலும் இதே உத்தி பயன்பட்டது.

2023இல் அமெரிக்கா, கர்ப்பிணிகளுக்கான ஆர்.எஸ்.வி. தடுப்பூசிக்கு அனுமதி கொடுத்தது. ஊசி தாய்க்கு, காவல் பிள்ளைக்கு. தாயின் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போய்ச் சேருகின்றன. கடைசி மூன்று மாதங்களில்தான் அவை அதிகம் போகும். ஆகவே குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு அது போதாது. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கும் நேராகவே போடக்கூடிய எதிர்ப்பொருள் ஊசியும் அதே ஆண்டில் அங்கே அனுமதி பெற்றது.

ஆனால் யாருக்கு இது கிடைக்கிறது? 2019இல் மட்டும் உலகில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை இந்த வைரஸ் கொண்டுபோனதாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் ஏழை, நடுத்தர வருமான நாடுகளின் பிள்ளைகள். மருந்து ஒரு திசையில், மரணம் இன்னொரு திசையில். இதைச் சொல்லும்போது என் நெஞ்சு கொதிக்கிறது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிக்கு டெட்டனஸ் ஊசி போடும் அதே மேசையில், காசில்லாமல், இந்த ஊசியும் இருக்க வேண்டும். அப்படியொரு தீர்மானத்தை இந்த அவை இன்றே நிறைவேற்றிச் சுகாதாரத் துறைக்கு அனுப்ப வேண்டும் என்று முன்மொழிகிறேன். வழிமொழிபவர்கள் கை உயர்த்துங்கள்.